அந்த சுவிட்சைத் தொடாதீங்க

பயப்படாதீங்க, அது குண்டு இல்லைங்க. சிவப்பா மினுக்கிக்கிட்டே இருக்குதுன்னுதானே ஜன்னலோரமா நகர்ந்து நகர்ந்து உட்கார்றீங்க? சேலத்துல பஸ் ஏறுனதுல இருந்து நானும் பார்த்துக்கிட்டுத்தான் வர்றேன். இந்தாங்க, கையில வாங்கியே பாருங்க. செல்போனை விடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். பட்டை இருக்குது பாருங்க, அதைப் போட்டு மார்போட கட்டிக்கிறது. சைடுல ஒரு சுவிட்ச் இருக்குது, அதை மட்டும் தொட வேண்டாம். ஒரு வருசமா எங்கையில குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிருக்கேன். பேட்டரி தீரத் தீர மாத்திக்கிட்டே இருக்கேன். கோர்ட்டுக்கு ஆதாரமுங்க அது.

மெட்ராஸ்ல ஒரு பெரிய வக்கீலைப் பார்க்கத்தான் போயிட்டு இருக்கேன். ஈரோட்டுல ஒருத்தர்கிட்டப் போனேன். நான் சொன்னது பூராத்தையும் கேட்டுட்டு, மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, என்னைய ஒரு கேள்வி கேட்டாரு. பதில் சொன்னேன். "இந்தக் கேஸ் வேண்டாமுங்க, வீட்டுக்குப் போங்க"ன்னு கேஸ் கட்டைத் திருப்பிக் குடுத்துட்டாரு. மெஷின் செஞ்சது பெரிய கம்பெனின்னதும் பயம். நான் விட மாட்டேன். வேலை செய்யாத மெஷினைக் குடுத்து ஒரு ஆளையே இல்லாம ஆக்கிட்டானுங்க.

நமக்குத் திருச்செங்கோடுங்க. ரிக் வண்டி ஓட்டறேன், போர் போடற வண்டி. ஆறு வண்டி ராஜஸ்தான் வரைக்கும் ஓடுது. பூமிக்குள்ள ஐநூறு அடியில பாறை கெடக்குதா, தண்ணி கெடக்குதான்னு கம்பி இறங்குற சத்தத்தை வெச்சே சொல்லிப்போடுவேன். எதுக்குச் சொல்றேன்னா, உள்ளுக்குள்ள கெடக்கிறதைத் தேடறது நமக்குப் புதுசு இல்லை. வண்டியில முப்பது பேர் வேலை செய்யறாங்க. கை நீட்டாம ஒருத்தனும் வேலை செய்ய மாட்டான். போன மாசம் ஒருத்தன் ராடைக் கீழ போட்டுட்டான், ஸ்பேனராலயே ஒண்ணு வெச்சேன், மூணு தையல். இப்பக் கண்ணும் கருத்துமா இருக்கான். நான் வெளிப்படையான ஆளு. மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்.

என்ற மச்சினன் பூபதி. எம்பொண்டாட்டி சாந்தாமணிக்குத் தம்பி. அவங்கப்பன் செத்தப்ப அவனுக்குப் பத்து வயசு, அம்மாவும் பையனுமா எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. நான்தான் வளர்த்தேன். சும்மா சோறு போட்டு வளர்க்கலைங்க, அடிச்சு வளர்த்தேன். கணக்குல அறுபது வாங்கிட்டு வந்தான்னா பெல்ட்டைக் கழட்டிருவேன். என்ற புல்லட் சத்தம் தெருமுனையில கேட்டாலே ரெண்டு கையும் மூஞ்சிக்குப் போயிரும் அவனுக்கு. அந்த மரியாதை. அந்த மரியாதையிலதான் அவன் டாக்டர் படிப்புக்குக் கிர்கிஸ்தான் வரைக்கும் போனான். பைபாஸ்ல கிளினிக்குக்குக் கட்டடம் எழுப்பி, 'டாக்டர் பூபதி'ன்னு போர்டு கூட எழுதி வெச்சுட்டேன்.

நாலாம் வருசம் நம்மூர் ஆளு ஒருத்தர் மகன் அங்கிருந்து லீவுக்கு வந்தான். "பூபதியா? அவன் காலேஜுக்கு வந்தே ரெண்டு வருசம் ஆச்சே"ன்னான். போன் பண்றப்பெல்லாம் ஆஸ்பத்திரியில இருக்கேன், ஆபரேசன் பார்த்தேன்னு சொல்லிக்கிட்டு இருந்தவன். அன்னைக்கே டிக்கெட் போடச் சொன்னேன். காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்னு சொன்னேன். சாந்தாமணி பெட்டி கட்டிக்கிட்டே, "கூட்டிட்டு வாங்க, வேண்டாங்கலை. கை மட்டும் வெக்காதீங்க"ன்னா. சரின்னேன். சொன்ன சொல் மாறாத ஆளு நான்.

பிப்ரவரி மாசமுங்க. பிஷ்கெக்ல இறங்கி, அங்கிருந்து ஒரு நாள் பூரா காரு. கடைசி ஊருல ஒரு வீட்டு முன்னாடி நிக்கறான். தாடியும் அவனும். பனியில சறுக்க வர்றவங்களுக்கு வழிகாட்டியாம். எம்.பி.பி.எஸ். படிக்கப் போனவன் மூட்டை தூக்கிக்கிட்டு நிக்கறான். என்னையப் பார்த்ததும் கை மூஞ்சிக்குப் போகலைங்க. அதுதான் எனக்கு முதல் அடி. வந்து கையைப் பிடிச்சுக்கிட்டான். "மாமா, கூப்பிட்டா வர மாட்டீங்கன்னுதான் சொல்லலை. வந்துட்டீங்க. நாலு நாள் எங்கூட இருங்க, நான் என்ன பண்றேன்னு ஒருக்கா பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்"ன்னான். நாலு நாள்தானே, மனசு மாத்திக் கூட்டிட்டுப் போயிரலாம்னு நானும் கிளம்புனேன்.

அந்த ஊரு சறுக்கு வேற மாதிரிங்க. டிவியில காட்டற மாதிரி கம்பியில தொங்குற நாற்காலி எல்லாம் கிடையாது. மலையை நடந்தே ஏறணும், அரை நாள் ஏறி கால்மணி நேரத்துல சறுக்கி இறங்கணும். இதுக்குக் காசு குடுத்துக்கிட்டு ஜெர்மன்காரன் ரெண்டு பேரு, பெங்களூர் கம்ப்யூட்டர்காரங்க ரெண்டு பேரு. பூபதிக்குக் கூட்டாளி ஐபெக்குன்னு ஒரு அந்த ஊர்க்காரன். சமையலுக்கு மீரிம்னு ஒரு பொண்ணு. எனக்குச் சறுக்கத் தெரியாதுன்னு வலை பின்னுன அகலமான செருப்பு ஒண்ணு பூட்ஸ்ல கட்டி விட்டாங்க. சறுக்கத் தெரியாத ஆளைக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு ஐபெக் முறைச்சான். பூபதிதான், "எங்க மாமா"ன்னு சொல்லிச் சேர்த்துக்கிட்டான்.

கிளம்பறதுக்கு முன்னாடி வரிசையா நிக்க வெச்சு ஆளுக்கொரு மெஷினைக் கட்டி விட்டான், இதே மெஷின். "இது எந்நேரமும் சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். பனி சரிஞ்சு ஒருத்தர் புதைஞ்சுட்டா, வெளிய இருக்கற எல்லாரும் உடனே இந்த சுவிட்சைத் தள்ளித் தேடற பக்கம் மாத்திரணும். ஒருத்தர் மாத்தாம விட்டாக் கூட எங்க மெஷின் எல்லாம் அவர்கிட்டத்தான் கூட்டிட்டுப் போகும். உள்ள இருக்கறவனுக்குப் பதினஞ்சு நிமிசந்தான் உயிரு." முதல்ல இங்கிலீசுல சொன்னான். அப்புறம் எம்பக்கம் திரும்பி எனக்குன்னு தனியா தமிழ்ல சொன்னான். "மாமா, புரிஞ்சுதா? ஒருக்கா தள்ளிக் காட்டுங்க"ன்னான். அத்தனை பேர் முன்னாடி. மூக்கு ஒழுகுனப்பத் துடைச்சு விட்டவன் நான், எனக்கு வாத்தியார் வேலை பார்க்கறான். "ஏண்டா, சுவிட்ச் போட எனக்குத் தெரியாதா? ஆறு ரிக் ஓட்டறவன்டா"ன்னேன். பெங்களூர்க்காரன் ஒருத்தன் சிரிச்சான். பூபதி மறுபடி கேட்கலை. ஆனா பாருங்க, அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாம இப்ப உங்ககிட்டச் சொல்றேனா இல்லையா. கவனிக்கலைன்னு யாரும் என்னையச் சொல்ல முடியாது.

மேல தங்கறது யர்ட்டுங்க. மரச்சட்டத்துல கம்பளியைப் போர்த்தி வட்டமா கட்டியிருப்பாங்க. நடுவுல இரும்பு அடுப்பு, கூரை வழியா புகைக்குழாய். அடுப்பைச் சுத்தி எல்லாரும் படுத்துக்கணும். வாசலுக்கு நேர் எதிர்ல இருக்கற இடம் பெரிய விருந்தாளிக்காம், என்னையக் கொண்டு போய் அங்க உட்கார வெச்சாங்க. அதெல்லாம் குறை சொல்ல முடியாது. முதல் ரெண்டு நாள் பூபதி எனக்கு எல்லாத்தையும் காட்டுனான். பனியில குழி வெட்டி, இது போன வாரத்துப் பனி, இது போன மாசத்துப் பனி, இந்த வரி பலமில்லாத வரின்னு விரல் வெச்சுக் காட்டுனான். "நீங்க போர்ல மண்ணைப் பார்த்துச் சொல்றீங்களே, அதே மாதிரிதான் மாமா. உங்ககிட்டப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கண்ணே வந்துச்சு"ன்னான். எனக்கு ஒரு நிமிசம் மனசு என்னமோ பண்ணுச்சு. அப்புறம் அந்த போர்டு ஞாபகம் வந்துச்சு. திருச்செங்கோடு பூரா டாக்டர் வர்றாரு, டாக்டர் வர்றாருன்னு சொல்லி வெச்சிருக்கேன். பனியில குழி வெட்டறான்னு போய்ச் சொல்ல முடியுங்களா?

ரெண்டாம் நாள் பொழுது சாயறப்ப, எல்லாரும் அடுப்பைச் சுத்தி சூப் குடிச்சுக்கிட்டு இருக்கோம். அந்த மீரிமைக் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு, "மாமா, போன அக்டோபர்ல நானும் மீரிமும் கல்யாணம் பதிவு பண்ணிக்கிட்டோம். அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும்"ன்னான். நான் எந்திரிச்சேன். நான் அடிக்கலைங்க. சாந்தாமணிகிட்டச் சொன்ன சொல் ஞாபகம் இருந்துச்சு. ஒரு தட்டு, கன்னத்துல. அவன் போய் அடுப்பு மேல விழுந்தான். நான் தள்ளலை, அவனாத்தான் விழுந்தான். முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் அந்த இரும்புல ஒட்டிக்கிச்சு. சட்டை கருகுற நாத்தம், கறி கருகுற நாத்தம். புகைக்குழாய் பேர்ந்து யர்ட்டு பூரா புகை. தூக்கி விடலாம்னு தலைமுடியைப் பிடிச்சேன், அதுக்குள்ள அந்தப் பொண்ணு கறி வெட்டற கத்தியை எடுத்துக்கிட்டு எங்கழுத்துக்கு நேரா வந்து நின்னுட்டா. பூபதிதான் "வேண்டாம்"னு அவங்க பாஷையில சொன்னான். என்னைய ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை. அதுதான் வளர்ப்புங்கறது.

காலையில கையில கட்டோட வந்து நின்னான். எல்லாரும் சறுக்குக் கட்டையை மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. அத்தனை பேர் காது கேட்கச் சொன்னான். "மாமா, நீங்க இங்கேயே இருங்க. மத்தியானம் குதிரைக்காரன் வருவான், உங்களைக் கீழ கொண்டு போய் விடுவான். நான் ஊருக்கு வரலை. இதுதான் எங்க வீடு. இனி எம்மேல கை வெக்காதீங்க." நிதானமாத்தான் சொன்னான், கத்தலை. கத்தியிருந்தாக் கூட எனக்கு அவ்வளவு கோவம் வந்திருக்காது. எங்கையில வளர்ந்தவன் என்னைய மூட்டை மாதிரி குதிரையில ஏத்தி அனுப்பறேங்கறான்.

அவங்க போய் அரைமணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அந்த வலைச் செருப்பை மாட்டிக்கிட்டு, தடத்தைப் பிடிச்சுப் பின்னாலயே போயிட்டேன். மெஷினை மார்புல கட்டிக்கிட்டுத்தான் போனேன். அதெல்லாம் நான் ஒழுங்கு. ஒரு மணி நேரம் ஏறியிருப்பேன். ஒரு பாறைக்கு அண்டையில எல்லாரும் ஒதுங்கி நிக்கறாங்க. அந்தாண்ட ஒரு பெரிய சரிவு, வெள்ளையா, ஒரு மரம் இல்லை. அதைக் குறுக்க கடக்கணும். ஒவ்வொருத்தராத்தான் போகணுமாம், ஒருத்தர் அக்கரை சேர்ந்து கையில ஊனற கம்பைத் தூக்கிக் காட்டுனாத்தான் அடுத்த ஆளு காலை வெக்கணுமாம். பூபதி முதல்ல போயிட்டு இருக்கான், பாதி தூரம். ஐபெக் கம்பைக் குறுக்க நீட்டி என்னைய நிறுத்தறான். ஒரு தள்ளு தள்ளுனேன், பாறையில மண்டை இடிச்சு உட்கார்ந்துட்டான்.

"டேய் பூபதி, நில்லுடா"ன்னு கத்திக்கிட்டே இறங்கிட்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். ரெண்டு கையையும் மேல தூக்குனான். பழைய பயம் வந்துருச்சு பாருன்னு நினைச்சேன், ஒரு நிமிசம் சந்தோசமாக் கூட இருந்துச்சு. அவன் கையை ஆட்டிக்கிட்டே இருந்தான், என்னமோ கத்தறான், காத்துல கேட்கலை. இன்னும் நாலு எட்டு வெச்சேன். காலுக்குக் கீழ தொப்புன்னு ஒரு சத்தம், வயித்துக்குள்ள கேட்ட மாதிரி. எனக்கு மேல மலை குறுக்கால கோடு போட்ட மாதிரி விரிசல் விட்டுச்சு. அவ்வளவுதான். சரிவு பூராவும் ஒண்ணா நகர்ந்துச்சு. வீடு அகலம் கட்டி கட்டியா உடைஞ்சு, எங்காலை வாரி உருட்டிக் கொண்டு போய் ஓரமா இடுப்பு வரைக்கும் புதைச்சுட்டு நின்னுச்சு. நடுவுல நின்னவனை வாரிக்கிட்டுக் கீழ போயிருச்சு. அவனோட ஒரு சறுக்குக் கட்டை மேல தெறிச்சு விழுந்ததைப் பார்த்தேன். நான் நடந்ததாலதான் சரிஞ்சுச்சுன்னு ஜெர்மன்காரன் ஒருத்தன் பின்னால போலீசுக்கு எழுதிக் குடுத்திருக்கான். எழுபத்தெட்டு கிலோ ஆளு நடந்தா மலை இடியுங்களா? நீங்களே சொல்லுங்க.

எப்படி வெளிய வந்தேன்னு தெரியலை. நகம் பேர்ந்து ரத்தம். "பூபதி, பூபதி"ன்னு கத்திக்கிட்டு அந்தக் கட்டிகளுக்கு மேல அங்கயும் இங்கயும் ஓடறேன். மத்தவங்களும் ஓடி வந்துட்டாங்க, ஆளுக்கு ஆள் மெஷினைக் கையில பிடிச்சுக்கிட்டு. இப்பத்தாங்க மெயின் விசயம். அந்த மெஷின் ஒண்ணு கூட வேலை செய்யலை. ஜெர்மன்காரன் மெஷினைப் பார்த்துக்கிட்டே நேரா வர்றான், வந்து எம்மேல முட்டறான். நான் அந்தப் பக்கம் ஓடறேன், பெங்களூர்க்காரன் அதைப் பார்த்துக்கிட்டே எம்பின்னால வர்றான். எங்க போனாலும் எங்கிட்டயே வந்து நிக்கறானுங்க. "நான் உசுரோட இருக்கேன்டா, கீழ இருக்கறவனைத் தேடுங்கடா"ன்னு கத்தறேன். ஏதோ இங்கிலீசுல கத்துனானுங்க. அந்த நேரத்துல யாருக்கு என்ன காதுல ஏறும்?

ஐபெக் வந்தான், மண்டையில ரத்தத்தோட. வந்தவன் நேரா என்ற நெஞ்சுச் சட்டையைப் பிடிச்சு ஜிப்பை இழுக்கறான். தள்ளுனதுக்குப் பழி வாங்கறான்னு நினைச்சேன். இந்த நேரத்துலயாடான்னு மூக்குல ஒண்ணு விட்டேன் பாருங்க, எலும்பு ஒடிஞ்சது என்ற கைக்கே தெரிஞ்சுது. அந்த வெள்ளைப் பனியில அவ்வளவு ரத்தம். அவன் அப்பவும் ஜிப்பை விடலை. மறுபடி அடிச்சேன். ஜெர்மன்காரன் பின்னால இருந்து கட்டிப் பிடிச்சான், அவன் கையைக் கடிச்சேன், தோல் வாயோட வந்துருச்சு. கடைசியில நாலு பேரும் சேர்ந்து என்னையக் கீழ தள்ளி, ரெண்டு காலையும் பிடிச்சுக் கன்னுக்குட்டியை இழுக்கற மாதிரி தரதரன்னு மலையில கீழ இழுத்துட்டுப் போனானுங்க. ரொம்ப தூரம். கொண்டு போய்ப் போட்டுட்டு ரெண்டு பேர் எம்மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டானுங்க. அப்பத்தான் மேல இருந்து ஐபெக் சத்தம் போட்டான், கிடைச்சுட்டான்னு. நான் அந்தப் பக்கம் இல்லாதப்ப, அவன் தனியா, ரெண்டே நிமிசத்துல கண்டுபிடிச்சுட்டான். அத்தனை நேரம் வேலை செய்யாத மெஷின் அப்ப வேலை செஞ்சுதாம். இதை எந்தக் கோர்ட் நம்புமுங்க?

தோண்டி எடுத்தப்ப மூஞ்சி நீலம். உள்ள போய் அரைமணி நேரம் ஆச்சாம். மீரிம் யர்ட்டுல இருந்து எம்பின்னாலயே ஏறி வந்திருப்பா போல, வெறுங்கையில பனியைத் தோண்டிக்கிட்டு இருந்தா. ஐபெக் அந்த ஒடிஞ்ச மூக்கோட வாயில வாய் வெச்சு ஊதுனான். அவன் ரத்தம் பூராவும் பூபதி மூஞ்சியில. நான் அழுதேங்க. எங்கப்பன் செத்தப்ப அழாதவன். அந்தக் கை, வெந்த கை, கட்டுப் போட்ட கை, அதைத்தான் முதல்ல பார்த்தேன். பனியில வெச்சு அழுதேன். என்ற பிள்ளைங்க அவன். எனக்கு வேற யாரு இருக்கா?

என்ன கேட்டீங்க? சுவிட்சைத் தள்ளுனேனான்னா?

நீங்களும் அதையே கேட்கறீங்க பாருங்க. ஈரோட்டு வக்கீலும் இதைத்தான் கேட்டாரு. அந்த மீரிம் எம்பொண்டாட்டிக்குப் போன்ல என்னமோ எழுதி அனுப்பியிருக்கா, அதைப் படிச்சுட்டு சாந்தாமணியும் இதே கேள்வியைத்தான் கேட்டா. "நான் எதுக்குடி தள்ளணும், நானா புதைஞ்சேன்?"னு கேட்டேன். அன்னையில இருந்து எங்கிட்டப் பேசறதே இல்லை. நேத்து நான் கிளம்பறப்ப மட்டும் வாசல்ல வந்து நின்னு, "அந்த மெஷினைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகாதீங்க. உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்"ன்னா. பொம்பளை, கோர்ட்டு கேஸுன்னா பயம். அந்த சுவிட்சுல நான் கையே வெக்கலைங்க. அதான் முதல்லயே சொன்னேனே, குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குது. நீங்க எதுக்கு அதை அப்படிப் பார்க்கறீங்க? குடுங்க இப்படி.

நாலு மாசம் பூபதி அந்த ஊரு ஆஸ்பத்திரியில இருந்தான். உசுரு வந்துருச்சு, மூளைக்கு வர வேண்டியது வரலைன்னுட்டாங்க. அந்தப் பொண்ணு விட மாட்டேன்னு படுக்கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் விடலை, கூட்டிட்டு வந்துட்டேன். கூட்டிட்டு வரேன்னு சொன்னேன், கூட்டிட்டு வந்தேன். பைபாஸ் கட்டடத்துலதான் வெச்சிருக்கோம், காத்தோட்டமா இருக்குதுன்னு. போர்டை இன்னும் எடுக்கலை. காலையில சாந்தாமணி போர்டுக்குக் கீழ நாற்காலி போட்டு உட்கார வெப்பா, வெயிலுக்கு. ரோட்டைப் பார்த்துக்கிட்டே இருப்பான். ஊட்டுனாத் திம்பான்.

பெத்த தாயைத் தெரியலைங்க அவனுக்கு. மடியில தலையை வெச்சு அழுவாங்க, சும்மா பார்ப்பான். அக்காளைத் தெரியலை. அந்தப் பொண்ணு வாராவாரம் போன்ல மூஞ்சியைக் காட்டுது, அதையும் தெரியலை. ஆனா பாருங்க, பொழுதோட நான் வேலை முடிச்சுப் புல்லட்டுல பைபாஸ்ல திரும்பறேன்னு வைங்க. வண்டி சத்தம் கேட்ட உடனே ரெண்டு கையும் மூஞ்சிக்குப் போயிருது. அந்த வெந்த கை சரியா மடங்காது, அதையும் எப்படியோ தூக்கிக் கன்னத்தை மூடிக்கிறான். வண்டியை நிறுத்திட்டு அதைப் பார்த்துக்கிட்டே நிப்பேன். எல்லாரையும் மறந்தவனுக்கு என்னைய மட்டும் இன்னும் அடையாளம் தெரியுதுங்க.